புரட்டாசியில் வீட்டுக்காரருக்குச் சாந்தி, அதே வாரம் சிங்கப்பூரில் பேரனுக்குப் பரீட்சை

கணக்கு ஆச்சி, தேவகோட்டை:

வணக்கம். உதவிபெறும் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சராக இருக்கிறேன், ஓய்வு பெற இன்னும் கொஞ்ச வருடம் பாக்கி. இங்கே மற்றவர்கள் எழுதுவதைப் படித்துவிட்டுப் போவதோடு சரி, எழுதியதில்லை. இப்போது எங்கள் வீட்டிலேயே ஒரு சிக்கல். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

என் வீட்டுக்காரர் பிறந்தது 1966, பராபவ வருடம், புரட்டாசி மாதம், உத்திரட்டாதி. அறுபது வருடமும் சுற்றி முடிந்து மறுபடி பராபவ வந்துவிட்டது. அதனால் அறுபது நிறைவுக்கான சாந்தி, சஷ்டியப்தபூர்த்தி என்பார்களே, அது. கல்யாணம் மாதிரி நமக்குத் தோதான முகூர்த்தத்தில் வைத்துக்கொள்கிற காரியமில்லை இது. பிறந்த மாதம், பிறந்த நட்சத்திரம். வீட்டு ஐயர் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு, புரட்டாசிப் பௌர்ணமியை ஒட்டிய சனி ஞாயிறு என்று சொல்லிவிட்டார். பௌர்ணமி தாண்டினால் மகாளய பட்சம். ஆக, தள்ளவும் முடியாது.

சந்தோஷமாக மகளுக்குப் போன் போட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அம்மா, பையனுக்கு அந்த வாரம்தான் பி.எஸ்.எல்.இ." என்றாள்.

மகள் குடும்பம் சிங்கப்பூரில், ஜூரோங் பக்கம். அவள் ஒரு தொடக்கப்பள்ளியில் தமிழாசிரியை. பேரன் தொடக்கநிலை ஆறு, அதாவது நம்ம ஊர்க் கணக்கில் ஆறாம் வகுப்பு. நம்ம ஊரில் ஆறாம் வகுப்புப் பரீட்சைக்கு யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதில்லை. அங்கே அப்படியில்லை, எந்த உயர்நிலைப்பள்ளிக்குப் போவான் என்பதையே பி.எஸ்.எல்.இ. என்கிற இந்தத் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வுதான் முடிவு செய்கிறது. வியாழன் ஆங்கிலம், வெள்ளி கணிதம், சனி ஞாயிறு இடைவெளி, திங்கள் தமிழ், செவ்வாய் அறிவியல். எங்கள் நட்சத்திரம் வந்து விழுந்திருப்பது அந்த இடைவெளியில்.

மாப்பிள்ளை வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாக எம்.எஸ்.சி. படிக்கிறார். அவருக்கு அசைன்மென்ட், அப்புறம் அவருக்கும் பரீட்சை. மகளுக்குத் தன் வகுப்புப் பிள்ளைகளின் ஆண்டிறுதித் தேர்வு. எனக்கு இங்கே காலாண்டுத் தேர்வு, பத்தாம் வகுப்பும் ஒன்பதாம் வகுப்பும் என்று விடைத்தாள் கட்டுகள். எங்கள் குடும்பத்தில் பரீட்சை எழுதாத, திருத்தாத ஆட்கள் அறுபது ஆகிறவரும் தொடக்கநிலை இரண்டு படிக்கிற பேத்தியும்தான். அந்த ஊரில் முதல் இரண்டு வகுப்புக்கு 2019-லிருந்து பரீட்சையே கிடையாதாம். அவளுக்கு அதில் வருத்தம் வேறு. அண்ணன் மாதிரி தனக்கும் கால அட்டவணை ஒட்ட வேண்டும் என்று சுவரில் ஒரு தாளை ஒட்டி வைத்திருக்கிறாள்.

மாமியார் எண்பதைத் தாண்டியவர். "மகளும் பேரனும் இல்லாமல் என்ன சாந்தி? ஒரு பரீட்சைக்காகவா?" என்று முகப்பில் உட்கார்ந்துகொண்டு வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் கேட்கிறார். வீட்டுக்காரரோ, "அவன் எழுதட்டும். நான் எங்கே ஓடிப் போகிறேன்" என்கிறார். பங்காளிகள் தேதி கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

நான் கேட்பது இது. சாந்தியை ஒரு நாளும் விருந்தை இன்னொரு நாளுமாக வைத்தவர்கள் நம்மில் இருக்கிறீர்களா? எப்போது வைத்தீர்கள்? அதைவிட எனக்குப் பெரிய கேள்வி, காலாண்டு விடுமுறையில் நான் சிங்கப்பூர் போய் மகளுக்குக் கைகொடுக்கலாமா என்பது. "வாங்கம்மா" என்று ஒரு தடவை சொல்கிறாள், "வேண்டாம், நீங்கள் வந்தால் நான் உங்களைக் கவனிக்க முடியாது" என்று மறுநாள் சொல்கிறாள். போனால் பேரனுக்குக் கணக்காவது சொல்லிக் கொடுப்பேன். ஆனால் போனில் ஒரு விகிதக் கணக்கை எக்ஸ் வைத்துப் போட்டுக் காட்டினேன். "ஆயா, எங்கள் ஸ்கூலில் இப்படிப் போடமாட்டோம்" என்று படம் வரைய ஆரம்பித்துவிட்டான். முப்பது வருடத்துக்கு மேல் இயற்கணிதம் நடத்துகிறவள் நான்!

பள்ளத்தூரான்:

ஆச்சி, சாந்தியை ரெண்டாகப் பிரிப்பது புதுசில்லை. எங்கள் சித்தப்பாவுக்கு அப்படித்தான் செய்தோம். மகன் துபாயில், விடுப்பு கிடைக்கவில்லை. நட்சத்திரத்தன்று காலையில் வளவில், அதாவது பூர்வீக வீட்டில், ஹோமம், கலசத் தண்ணீர் ஊற்றுவது, தாலி கட்டுகிற திருப்பூட்டு, வந்த பங்காளிகளுக்கு இலை போட்டுச் சாப்பாடு, அவ்வளவுதான். மாலை, மேளம், ஊரைக் கூட்டுவது எல்லாம் பிறகு மகன் வந்தபோது. சாஸ்திரம் கேட்பது அந்த ஹோமத்தையும் அபிஷேகத்தையும்தான். ஐந்நூறு பேர் பந்தியை எந்த ஐயரும் கேட்கவில்லை, அதை நாம்தான் சேர்த்துக்கொண்டோம்.

வீட்டில் செய்ய ஆள் பற்றாது என்றால் உங்கள் நகரத்தார் கோயில் எதுவோ, இளையாத்தங்குடியோ வைரவன்பட்டியோ, அங்கே போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு வீட்டில் சின்னதாக முடித்துக்கொள்ளலாம்.

விருந்து எப்போது என்பதை நன்றாக யோசியுங்கள். ஐப்பசி ஆகும், ஆனால் மழை. கார்த்திகை ஆகும். மார்கழியில் செய்யமாட்டோம், பெரிய ஆச்சி நிச்சயம் விடமாட்டார்கள். தையில் வைக்கலாம், ஆனால் சிங்கப்பூரில் ஜனவரி தொடக்கத்திலேயே பள்ளி திறந்துவிடுமே. ஆக எனக்குத் தெரிந்து கார்த்திகைதான். தேதி எதுவானாலும் சமையல்காரரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். கார்த்திகை முகூர்த்த நாளில் நல்ல கை கிடைப்பது குதிரைக்கொம்பு.

பெரிய ஆச்சியிடம் நீங்கள் பேச வேண்டாம், செட்டியாரே பேசட்டும். மருமகள் சொன்னால் அது ஒரு மாதிரி, மகன் சொன்னால் வேறு மாதிரி.

செக்காலை:

எதற்கு இவ்வளவு யோசனை? திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம் இருக்கிறது, நாலு மணி நேரச் சொச்சம். வெள்ளி பரீட்சை முடிந்ததும் ஏறினால் இரவு திருச்சி, விடிவதற்குள் தேவகோட்டை. சாந்தியை முடித்துக்கொண்டு ஞாயிறு கிளம்பினால் திங்கள் தமிழ்ப் பரீட்சை. தமிழ்தானே, நம்ம பிள்ளைக்கு அதற்கு என்ன படிப்பு?

ஜூரோங் தமிழாசிரியை:

செக்காலை ஐயா, தயவுசெய்து இந்த யோசனையை அந்தப் பிள்ளையின் அம்மா காதில் போட்டுவிடாதீர்கள். இரண்டரை மணி நேர வித்தியாசம், இரண்டு இரவு தூக்கம் இல்லை, விமானம் தாமதமானால் தேர்வு போயிற்று. "தமிழ்தானே" என்று சொல்வதையும் நான் வருடா வருடம் கேட்கிறேன். வீட்டில் தமிழ் பேசுகிற பிள்ளைகள்தான் எழுத்துத் தாளில் மெத்தனமாக மதிப்பெண்ணை விடுகிறார்கள்.

ஆச்சி, நானும் இங்கே தொடக்கப்பள்ளியில் தமிழ் நடத்துகிறேன். உங்கள் மகள் பள்ளி வேறாக இருக்கலாம், வேலை ஒன்றுதான். அவர் ஏன் ஒரு நாள் வா என்றும் மறுநாள் வராதே என்றும் சொல்கிறார் என்று எனக்குப் புரிகிறது. தேர்வு வாரத்தில் நீங்கள் வந்தால் உண்மையில் உதவி குறைவு. அந்த வாரம் வீட்டில் புதிதாக எதுவும் நடக்கக் கூடாது. பிள்ளை எழுந்திருக்கிற நேரம், சாப்பாடு, படுக்கை, எல்லாம் பழகினபடியே போக வேண்டும். ஆயா வந்தால் பேரனுக்குக் கொண்டாட்டம், பேத்திக்கு அதைவிடக் கொண்டாட்டம், படிப்பு நடக்காது.

ஆள் தேவைப்படுவது அடுத்த மாதம். வெளியில் இருப்பவர்களுக்கு இது தெரிவதில்லை. பி.எஸ்.எல்.இ. செவ்வாயோடு முடிந்ததும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விடுதலை. அந்த வெள்ளிக்கிழமை குழந்தைகள் தினம், தொடக்கப்பள்ளிகளுக்கு விடுமுறை. ஆனால் ஆசிரியருக்கு அங்கேதான் ஆரம்பம். 2023-லிருந்து எந்த வகுப்புக்கும் அரையாண்டுத் தேர்வு இல்லை. அதனால் மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கு ஆண்டிறுதித் தேர்வின் கனம் கூடிவிட்டது. அக்டோபரில் அதை நடத்த வேண்டும், திருத்த வேண்டும், ஒவ்வொரு பிள்ளைக்கும் அறிக்கையில் குறிப்பு எழுத வேண்டும். இதற்கிடையில் பி.எஸ்.எல்.இ. விடைத்தாள் திருத்தும் நாட்கள். எங்களில் பலரைத் திருத்தும் மையத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த நாட்களில் பள்ளி கிடையாது, பிள்ளைகள் வீட்டில். அம்மா ஆசிரியை என்றால் என்ன ஆகும்? பிள்ளைகள் வீட்டில், அம்மா தாள் திருத்தப் போயாயிற்று, அப்பா அலுவலகத்தில். யாராவது பெரியவர் ஒருவர் வீட்டில் இருந்து சோறு போட்டால் அதுதான் உதவி. நீங்களே விடைத்தாள் கட்டோடு இருப்பவர், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கணக்கைப் பற்றிக் கேட்டீர்கள். பேரன் வரைந்தது மாடல் படம். 1980-களில் இங்கே பாடத்திட்டத்தில் கொண்டுவந்தார்கள், ஒவ்வொரு அளவையும் ஒரு பட்டையாக வரைவது. நான் கணக்கு நடத்துவதில்லை, ஆனால் மூன்று பிள்ளைகளைக் கரையேற்றிய அனுபவத்தில் சொல்கிறேன். ஒரு மாதிரிக் கணக்கு: அருணிடமும் பாலாவிடமும் இருந்த தபால்தலைகள் 3:5 என்ற விகிதம். பாலா அருணுக்கு 24 கொடுத்ததும் இருவரிடமும் சமம். மொத்தம் எத்தனை?

நீங்கள் 3x + 24 = 5x − 24 என்று எழுதி, x = 24, ஆகவே 8x = 192 என்பீர்கள். பேரன் அருணுக்கு மூன்று கட்டம், அதற்குக் கீழே பாலாவுக்கு ஐந்து கட்டம் வரைவான். கீழே இரண்டு கட்டம் நீட்டிக்கொண்டிருக்கும். அதில் ஒன்று மேலே போனால் சமம். அந்த ஒரு கட்டம்தான் 24. மொத்தம் எட்டுக் கட்டம், 192. விடை அதுவேதான், எக்ஸை மட்டும் கட்டம் என்கிறான்.

எக்ஸ் வைத்துப் போட்டாலும் கணக்கு சரியாக இருந்தால் மதிப்பெண் உண்டு. தொடக்கநிலை ஆறில் எளிய இயற்கணிதமும் நடத்துகிறார்கள். ஆனாலும் கடைசி இரண்டு மாதத்தில் முறையை மாற்ற வேண்டாம். அவன் வரைந்ததை உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். தப்பு இருந்தால் எந்தக் கட்டத்தில் தப்பு என்று மட்டும் கேளுங்கள். இது போனிலேயே முடியும்.

இன்னொன்று. தமிழ் வாய்மொழித் தேர்வு ஆகஸ்டில் வந்துவிடும். தமிழ்த் தாள் மொத்தம் 200 மதிப்பெண், அதில் வாய்மொழிக்கு மட்டும் 50. ஒரு பகுதியை வாசிக்க வேண்டும், அப்புறம் ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு அதைப் பற்றி உரையாட வேண்டும். இதற்குத் துணைப்பாட வகுப்பு என்கிற டியூஷனைவிடத் தாத்தா பாட்டி நல்லது. செட்டியாரைத் தினமும் சாயங்காலம் பேரனோடு பேசச் சொல்லுங்கள். "சாப்பிட்டாயா, படித்தாயா" என்று கேட்டால் "ம்" என்றுதான் பதில் வரும். "உங்கள் வீட்டுக்குக் கீழே நடக்கிறவர்கள் சைக்கிள்காரர்களோடு சண்டை போடுகிறார்களாமே, யார் பக்கம் நியாயம்?" என்று கேட்கச் சொல்லுங்கள். வாதாடிப் பழகினால் போதும்.

ஈப்போவாசி:

பக்கத்து நாட்டிலிருந்து ஒரு வரி. எங்கள் மலேசியாவில் ஆறாம் வகுப்பு யு.பி.எஸ்.ஆர். தேர்வை 2021-இல் எடுத்துவிட்டார்கள், மறு வருடம் மூன்றாம் படிவத்து பி.டி.3-யும் போயிற்று. அதற்கப்புறம் சில வருடம் பிள்ளைகள் ஐந்தாம் படிவத்தில் எஸ்.பி.எம். வரும்வரை பெரிய பொதுத்தேர்வு எதையும் பார்க்கவில்லை. என் மருமகள் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. தேர்வு இருந்தபோது பெற்றோர் தொல்லை, எடுத்தபிறகு "என் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறான் என்றே தெரியவில்லையே" என்று அதே பெற்றோர் தொல்லை. ஆச்சிக்கு இது உதவாது, சும்மா சொன்னேன். சாந்திக்கு எங்கள் வணக்கம்.

கணக்கு ஆச்சி, தேவகோட்டை:

எல்லாருக்கும் நன்றி. பள்ளத்தூர் அண்ணன் சொன்னபடி வீட்டுக்காரரையே மாமியாரிடம் பேச விட்டேன். "ஆத்தா, காலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்கிறேன், பேரன் கேமராவில் பார்க்கட்டும், அவன் வந்தபிறகு நீ ஆசைப்பட்டபடி ஊர் கூட்டலாம்" என்றார். "கேமராவில் யார் காலில் அவன் விழுவான்?" என்று ஒரு கேள்வி வந்தது. ஆனால் கோபம் பாதியாகிவிட்டது. விருந்துக்குக் கந்தரப்பமும் வெள்ளைப் பணியாரமும் கட்டாயம் என்று நிபந்தனை போட்டதிலிருந்தே சம்மதம் என்று தெரிந்துகொண்டேன்.

ஜூரோங் டீச்சர், நீங்கள் சொன்னதை மகளுக்கு வாசித்துக் காட்டினேன். "இதைத்தான் நான் சொல்ல வந்தேன், சொல்லத் தெரியவில்லை" என்றாள். அக்டோபர் என்றால் எனக்கு வழியில்லை. காலாண்டு விடுமுறை அதற்குள் முடிந்துவிடும், பத்தாம் வகுப்பை விட்டுவிட்டு வர முடியாது. வீட்டுக்காரருக்கு வேலை என்று பெரிதாக ஒன்றுமில்லை, கடையை மச்சினர் பார்த்துக்கொள்வார். அவரை அனுப்பினால் என்ன? ரசம், சோறு, அப்பளம், முட்டைப் பொரியல், இதுவரை வரும். பேத்தியைப் பள்ளிக்குக் கூட்டிப்போய் வருவார். சிங்கப்பூரில் பேருந்து எண் பார்த்து ஏறி இறங்க அவருக்குத் தெரியும், டேங்க் ரோடு கோயிலுக்குத் தனியாகப் போய் வந்தவர்தான்.

கணக்கும் சரியாகிவிட்டது. பேரன் கட்டம் போட்டு விளக்குகிறான், நான் கேட்கிறேன். அவன் முறையில் சில கணக்கு என் முறையைவிடச் சீக்கிரம் முடிகிறது. ஒன்பதாம் வகுப்பில் விகிதத்தில் தடுமாறுகிற இரண்டு பிள்ளைகளுக்கு நானும் கட்டம் வரைந்து காட்டினேன், ஒருத்திக்குப் பிடிபட்டது.

இப்போது மீதி இருப்பது விருந்துத் தேதி. பள்ளி விடுமுறை நவம்பர் கடைசியிலிருந்து என்கிறாள் மகள். கார்த்திகை மாதம் நவம்பர் பாதியில் பிறந்து டிசம்பர் பாதியில் முடிகிறது. அப்படியானால் விடுமுறை தொடங்கின அன்றே கிளம்பி வரலாமா, அல்லது ஏதாவது குறுக்கே வருமா?

பகுதிநேரப் படிப்பாளி:

வரும் ஆச்சி, வரும். உங்கள் மாப்பிள்ளை நிலையில் நானும் இருக்கிறேன், அதனால் எழுதுகிறேன். சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகங்களில் முதல் பருவத் தேர்வு நவம்பர் கடைசி வாரத்தில் நடந்து டிசம்பர் முதல் வாரத்தை ஒட்டித்தான் முடியும். பகலெல்லாம் வேலை, சாயங்காலம் வகுப்பு, தேர்வுக்கு முந்தைய வாரம் விடுப்பு எடுத்துப் படிப்பது என்று எங்கள் பிழைப்பு ஓடும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு வீடே அமைதி காக்கும். நாற்பது வயதில் படிக்கிறவனுக்கு யாரும் டிவியைக்கூடக் குறைக்கமாட்டார்கள். மாப்பிள்ளையின் தேர்வு அட்டவணையை முதலில் வாங்கிக்கொள்ளுங்கள், அவர் தானாகச் சொல்லியிருக்கமாட்டார்.

அதற்கு முன்னால், பி.எஸ்.எல்.இ. முடிவு நவம்பர் நாலாவது வாரத்தை ஒட்டி வரும். அன்று பிள்ளை பள்ளிக்குப் போய் வாங்கினால் அவனுக்கும் ஒரு நிறைவு. உடனே ஒரு வாரத்துக்குள் ஆறு உயர்நிலைப்பள்ளிகளை வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும். இணையத்தில்தான் கொடுப்பது, ஆனால் அம்மாவும் அப்பாவும் பிள்ளையும் ஒன்றாக உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம். பந்தி நடுவில் செய்கிற வேலை இல்லை.

ஆகக் கூட்டிக் கழித்தால், டிசம்பர் முதல் வாரம் முடிந்ததிலிருந்து கார்த்திகை முடிகிறவரை உள்ள நாட்கள்தான் உங்களுக்கு. பத்து நாள்கூட இருக்காது.

ஜூரோங் தமிழாசிரியை:

அதோடு, டிசம்பர் கடைசியில் எங்களுக்குப் புது வருடத் திட்டக் கூட்டங்கள் தொடங்கிவிடும். மகள் அதற்குள் திரும்ப வேண்டியிருக்கும்.

முடிவு வந்தபிறகு ஊருக்கு வருகிறார்கள் என்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். விருந்துக்கு வருகிற அத்தனை பேரும் பையனிடம் "எத்தனை மார்க்?" என்று கேட்பார்கள். 2021-லிருந்து முறை மாறிவிட்டது. ஒவ்வொரு பாடத்துக்கும் ஒன்றிலிருந்து எட்டு வரை ஒரு நிலை. 90-உம் அதற்கு மேலும் என்றால் ஒன்று, 85 முதல் 89 வரை இரண்டு, இப்படிப் போகும். நாலு பாடத்தையும் கூட்டுவார்கள். மிகச் சிறந்தது 4, கடைசி 32. எண் குறைந்தால்தான் நல்லது. பையன் "பத்து" என்று சொன்னால் நம்ம ஊரில் "அடப்பாவி, நூற்றுக்குப் பத்தா?" என்பார்கள். என் அண்ணன் மகனுக்கு இது நடந்தது, பிள்ளை மாடியை விட்டு இறங்கவில்லை. அதனால் பெரிய ஆச்சிக்கும் நாலைந்து முக்கியமான பங்காளிகளுக்கும் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள். அதைவிட நல்லது, கேட்கவே வேண்டாம் என்று செட்டியார் சொல்லிவிடுவது.

இன்னொரு மாற்றமும் இருக்கிறது. எக்ஸ்பிரஸ், நார்மல் என்ற பழைய பிரிவுகள் 2024-இல் உயர்நிலைப்பள்ளியில் சேர்ந்தவர்களிலிருந்து இல்லை. பாடத்துக்குப் பாடம் ஜி1, ஜி2, ஜி3 என்று நிலை. ஊரில் யாராவது பழைய சிங்கப்பூர்க்காரர் "எக்ஸ்பிரஸ் கிடைத்ததா?" என்று கேட்டால் பையன் விழிப்பான்.

பள்ளத்தூரான்:

அந்தக் குறுகின இடைவெளியில்தான் இந்த வருடம் பிள்ளையார் நோன்பும் வருகிறது, பாருங்கள். திருக்கார்த்திகையிலிருந்து இருபத்தொன்றாம் நாள், சஷ்டியும் சதயமும் சேர்கிற அன்று. கார்த்திகைக் கடைசியை ஒட்டி வரும். நோன்புக்கு ஒன்றிரண்டு நாள் முன்னதாக விருந்தை வைத்துவிட்டால், பிள்ளைகள் ஐயா கையால் இழை, அதாவது மாவில் வைத்து ஏற்றுகிற நோன்புத் திரி, எடுத்துக்கொண்டு ஊருக்குத் திரும்பலாம். பெரிய ஆச்சிக்கு அது சாந்தியைவிடச் சந்தோஷமாக இருக்கும். உங்களுக்கு அப்போது அரையாண்டுத் தேர்வு இருக்குமே ஆச்சி, தற்செயல் விடுப்பை இப்போதே தலைமை ஆசிரியரிடம் சொல்லி வைத்தீர்களா?

கணக்கு ஆச்சி, தேவகோட்டை:

அரையாண்டு இருக்கிறது, அண்ணே. கணக்குத் தாள் எந்த நாள் என்று அட்டவணை வந்தபிறகுதான் தெரியும். மேற்பார்வையை மாற்றிக்கொள்ள ஒரு டீச்சர் ஒத்துக்கொண்டிருக்கிறார், திருத்துகிற வேலை என் தலையில்தான். விருந்து முடிந்து பாத்திரம் கழுவிக் கவிழ்த்தபிறகு உட்காருவேன்.

முடிவு செய்தது இதுதான். புரட்டாசியில் வளவில் சாந்தி, நெருங்கின பங்காளிகள், தாயபிள்ளைகள் மட்டும். மகள் வீட்டுக்குப் பார்க்க வசதியாகச் சனிக்கிழமை நேரம், பேரன் ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டு படிக்கப் போய்விடுவான். வீட்டுக்காரர் அக்டோபரில் சிங்கப்பூர் போகிறார், திருத்தும் நாட்கள் முடிகிறவரை இருப்பார். விருந்து பிள்ளையார் நோன்புக்கு முந்தைய ஞாயிறு. மாப்பிள்ளையின் அட்டவணையைக் கேட்டேன். தேர்வு டிசம்பர் முதல் வாரத்தில் முடிகிறது, அவர் மகளிடம்கூட அதுவரை சொல்லவில்லை. சமையல்காரருக்கு முன்பணம் கொடுத்தாயிற்று.

வீட்டுக்காரர் முன்பு போனது பல வருடம் முன்னால். விசா, நுழைவுத் தாள் எல்லாம் இப்போது எப்படி? பேரனுக்கு உப்புக்கண்டம் உயிர், கொண்டுபோகலாமா என்று கேட்கிறார்.

ஜூரோங் தமிழாசிரியை:

இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டும். மகளுக்கோ மாப்பிள்ளைக்கோ குடியுரிமை அல்லது நிரந்தரவாசம் இருந்தால் அங்கிருந்தே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும், அதை இப்போதே எடுத்துப் பாருங்கள். இறங்கும்போது எழுதிக்கொடுக்கிற வெள்ளைத்தாள் இப்போது இல்லை. வந்து சேர்வதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நுழைவு அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது, காசு கேட்கிற இணையதளம் எதுவானாலும் மூடிவிடுங்கள்.

உப்புக்கண்டம் வேண்டாம். இறைச்சியில் செய்த எதையும் பெட்டியில் வைக்காதீர்கள், விமான நிலையத்தில் வம்பாகிவிடும். மணகோலம், சீப்புச்சீடை, அதிரசம் தாராளமாகக் கொண்டுவரலாம். கொஞ்சம் கூடுதலாகவே கொடுத்துவிடுங்கள், மகளோடு தாள் திருத்துகிற டீச்சர்களுக்கும் ஆகும்.